பன்னிரண்டுக்குப் பூஜ்யம்

அது பூசணிக்காய்தான். சந்தேகம் வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அந்தப் பலகையைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள், பிறகு மறுபடியும் பலகையைப் பார்க்கிறார்கள். உட்காருங்கள். தரை காய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். மழை விட்ட கையோடு குண்டு போட்டால் அது விழுந்த இடத்திலேயே புதைந்துகொள்ளும். அதற்குப் பெயர் ஆட்டம் இல்லை, நடவு.

நான் அமலோற்பவநாதன், இந்தச் சங்கத்தின் செயலாளர். அமலோர் வாத்தியார் என்றால் இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். என் பேச்சு கொஞ்சம் புத்தகத் தமிழாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். "வாத்தியார் பேசினா கமா கூட காதுல விழுதுப்பா" என்று துரைக்கண்ணு கேலி செய்வான். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன். அதோ, டீ கிளாசைக் கழுவுகிற சாக்கில் நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறானே, அவன்தான்.

சேர்வதற்கு முன்னால் சங்கத்தின் வரலாற்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் சொல்லாமல் நான் யாரையும் ஆட விட்டதில்லை.

ஆரம்பித்தவர் சொல்தா ஏழுமலை. நீங்கள் வேலூர்க்காரர் என்று எங்கள் உறுப்பினர் செசில் அம்மா சொன்னார், அதனால் விளக்குகிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவரைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். ஏழுமலை எங்கெங்கோ சண்டை போட்டார் என்று அவர் சொல்வார். என் ஆராய்ச்சியில் தெரிந்தவரை, தூலோன் துறைமுகத்தில் ஒரு உருளைக்கிழங்குக் கிடங்குக்குக் காவல் இருந்தார். ஊர் திரும்பும்போது பெட்டியில் மூன்று சாமான்கள் இருந்தன. ஒரு செட் இரும்புக் குண்டு, மனைவிக்கு ஒரு சென்ட் பாட்டில், ஒரு பலகை.

ஆட்டத்தின் பெயர் பெத்தாங்க். குண்டுக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர் உண்டு. அதைத் தமிழ்ச் சபையில் உரக்கச் சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தாலும் சொல்ல வேண்டாம். இங்கே ஆதியிலிருந்து குண்டுதான். தூரத்தில் ஒரு சின்ன மரப்பந்தை எறிவோம், அது பன்னிக்குட்டி. இது நாங்கள் வைத்த பெயர் அல்ல, பிரெஞ்சுக்காரனே அப்படித்தான் சொல்கிறான். ஆளுக்கு மூன்று குண்டு. வட்டத்துக்குள் நின்று போட வேண்டும். யாருடைய குண்டு பன்னிக்குட்டிக்குக் கிட்டத்தில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. எதிராளியின் குண்டை அடித்து விரட்டவும் செய்யலாம். முதலில் பதின்மூன்று எடுத்தவர் ஜெயித்தார். அவ்வளவுதான். ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், வேர்க்காது. சண்டை மட்டும் தாராளமாகப் போடலாம். ஓய்வு பெற்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இனி பலகை. பிரான்சில் ஒரு வழக்கம் இருக்கிறது. பதின்மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றவன், அதாவது ஒரு புள்ளிகூட எடுக்காதவன், ஃபனி என்கிற அம்மையாரின் படத்துக்கு முத்தம் கொடுக்க வேண்டும். முகத்துக்கு அல்ல. படத்தில் அவர் நமக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்பார். மேற்கொண்டு நான் விளக்கப் போவதில்லை. ஏழுமலை அந்தப் படம் வரைந்த பலகையை இந்தக் கொட்டகையில் மாட்டினார். முதல் ஞாயிறு நல்ல கூட்டம். அடுத்த ஞாயிறு இன்னும் நல்ல கூட்டம், பாதிப் பேருக்கு ஆட்டமே தெரியாது. அதற்கடுத்த ஞாயிறு ஏழுமலையின் மனைவி ராசாம்பாள் வந்தார், பார்த்தார். "இதுக்குத்தான் ஞாயித்துக்கிழமையானா தலைக்குக் குளிச்சிட்டுக் கெளம்புறீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் பலகையில் ஒரு பூசணிக்காய் இருந்தது. காம்பு, இலை, பக்கத்தில் ஒரு பூ. ராசாம்பாள் தன் கையாலேயே மஞ்சள் பெயின்டில் தீட்டியது. வடிவத்தை அதிகம் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அன்று முதல் இங்கே பூஜ்யத்தில் தோற்றவர் பூசணிக்காய்க்கு முத்தம் கொடுப்பார். மழைக்காலத்தில் பெயின்ட் உரிந்து அம்மையார் லேசாகத் தலை காட்டுவார். தலை என்பது சரியான சொல் அல்ல. அந்த மாதங்களில் உறுப்பினர் வருகையும் கூடும். பொங்கலுக்கு முன்னால் நான் மறுபடியும் மஞ்சள் பூசிவிடுவேன்.

நானா? நான் முத்தம் கொடுத்ததே இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இங்கே எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள். கப்ரால் கனகசபை, எண்பதைத் தாண்டியவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் கப்ரால் பதவியும் பதக்கமும் வாங்கியவர், அவரும் கொடுத்திருக்கிறார். துரைக்கண்ணு கொடுத்துக் கொடுத்துப் பூசணிக்காய்க்கே அலுத்துவிட்டது. நான் மட்டும்தான் பாக்கி. என் ஆட்டம் நிதானமான ஆட்டம். பெரும்பாலும் தோற்பேன், மறுக்கவில்லை. ஆனால் மூன்று நான்கு புள்ளியாவது எடுத்துவிட்டுத்தான் தோற்பேன். வயது ஏற ஏற அது இரண்டு, ஒன்று என்று ஆயிற்று. அப்போதுதான் ஒரு ஆண்டு விழாவில் துரைக்கண்ணு மைக்கைப் பிடித்தான்.

"இன்னா வாத்தியாரே, எல்லார் வாயிலயும் மஞ்சள் பெயின்ட் பட்டாச்சு. உங்க வாய் மட்டும் அப்பிடியே கீதே. இந்த வருசம் பாத்துடுவோமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. மைக்கை வாங்கி நான் சொன்னேன்: "நான் பூசணிக்காய்க்கு முத்தம் கொடுக்கிற அன்று இந்த மைதானத்தின் சாவியைக் கொடுத்துவிட்டு, மறு விமானத்தில் என் மகனிடம் பிரான்சுக்குப் போய்விடுவேன். இது சத்தியம்."

வெறும் பேச்சு அல்ல. என் மகன் ரெமி பாரிசுக்குப் பக்கத்தில் கிரெத்தேயில் இருக்கிறான். அவன் அம்மா போனதிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்து கூப்பிடுகிறான். "இங்க லிஃப்ட் இருக்குப்பா. ஹீட்டர் இருக்கு. பக்கத்துலயே டாக்டர் இருக்காரு" என்பான். "நீ சொல்வது வீடு மாதிரி இல்லை, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது" என்பேன். அங்கே ஒரு முறை போய் இருந்து பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு கார் நிறுத்தும் இடம், அதற்கு அப்பால் இன்னொரு கார் நிறுத்தும் இடம். பகல் முழுவதும் நான் பேசியது அந்த லிஃப்டோடு மட்டும்தான். அதுவும் பிரெஞ்சில் பதில் சொல்லும்.

நான் சத்தியம் என்றதும் எல்லோரும் துரைக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான்.

"சாவிய யாருகிட்ட குடுப்பீங்க?"

"உன்னிடம்தான். துணைச் செயலாளர் நீதானே?"

"எங்கிட்டயா? விடியக்காத்தால எழுந்து கல்லு பொறுக்கணுமே!"

"ஆமாம். ஆட்டுப் புழுக்கையையும்."

"முனிசிபாலிட்டிக்கு நடக்கணுமே!"

"அதுவும்தான்."

அவன் உட்கார்ந்துவிட்டான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. என் சொல்லின் வலிமை அப்படி.

இப்போது கவனியுங்கள். விந்தை இங்கேதான் ஆரம்பமாகிறது. அந்தப் பேச்சுக்குப் பிறகு எனக்குள் ஒரு சக்தி வந்துவிட்டது. எதிராளி பன்னிரண்டு எடுத்து, நான் பூஜ்யத்தில் நின்றால், எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனுக்கும் கை நடுங்குகிறது. துரைக்கண்ணு ஒரு தரம் பன்னிக்குட்டி கிழக்கே இருக்க, குண்டை மேற்கே போட்டான். கண்ணில் தூசி என்றான். கனகசபைக்குச் சரியாக அந்த நேரம் பார்த்துக் காலில் குரக்களி பிடித்தது. இன்னொருவருக்கு போன் வந்து, பேசியபடியே வீட்டுக்குப் போய்விட்டார். அவரிடம் போனே கிடையாது என்று பிறகு யாரோ சொன்னார்கள், நான் நம்பவில்லை. இப்படி எத்தனை முறை! நான் ஒரு புள்ளி எடுத்ததும் அவர்கள் கை மறுபடியும் சரியாகி, ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். அது எனக்குப் பொருட்டே இல்லை. இக்கட்டில் மாட்டிய சேனை திரும்பி நின்று முறைத்தால், ஜெயிக்கிற சேனைக்கு உதறல் எடுக்கும். சரித்திரத்தில் நிறைய உதாரணம் இருக்கிறது. சங்கத்தின் வரலாற்றில் நான்தான் உதாரணம்.

செசில் அம்மாவைப் பார்த்தீர்களே, வாசலில்? மர்சேயில் நர்சாக இருந்து, புருஷன் போன பிறகு ஊருக்குத் திரும்பியவர். அடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அந்தச் சுவர் ஓரத்தில் நிற்கிற குண்டை இங்கிருந்தே தூக்கி அடிப்பார். அப்படிப்பட்டவரே என்னோடு ஆடிய முதல் ஆட்டத்தில், பன்னிரண்டுக்குப் பூஜ்யத்தில் என்ன செய்தார் தெரியுமா? துரைக்கண்ணு ஓடிப்போய் அவருக்கு டீ கொண்டுவந்தான், காதில் ஏதோ சொன்னான். சர்க்கரை போதுமா என்று கேட்டிருப்பான். அம்மா டீயைக் குடித்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார், குறிவைத்தார், டங்கென்று ஒரே அடி. சுத்தமான அடி. ஆனால் அடித்தது அவருடைய சொந்தக் குண்டை! என் குண்டு மட்டும் பன்னிக்குட்டி அருகே நின்றது. "கண்ணு சரியில்ல வாத்தியாரே" என்றார். மறுநாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், கண்ணாடி இல்லாமல்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. குரலைத் தாழ்த்திச் சொல்கிறேன். கப்ராலுக்கு இப்போது உண்மையிலேயே பார்வை மங்கிவிட்டது. அவரோடு ஆடும்போது சில நாள் நானே பன்னிரண்டு வரை போய்விடுகிறேன். அவர் பூஜ்யம். அப்போது என்ன செய்வேன்? ஒரு குண்டை வேண்டுமென்றே தள்ளிப் போடுவேன். பாவம், கிழவருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். "பாத்தியா அமலோர், கப்ரால் இன்னும் சாகல!" என்று மீசையை முறுக்குவார். அதைப் பார்க்க வேண்டுமே! ஆனால் இது ஒரு கலை. பெறுகிறவருக்குத் துளியும் தெரியக் கூடாது. கப்ரால் வெள்ளை மனசுக்காரர், அதனால் நடக்கிறது. என்னைப் போன்ற ஆளிடம் யாராவது இதை முயன்றால் முதல் குண்டிலேயே பிடித்துவிடுவேன்.

துரைக்கண்ணு, ஏன் இருமுகிறாய்? தண்ணீர் குடி.

சரி, போன பொங்கலுக்கு வருவோம். ரெமி வந்தான். போன் செய்யாமல், சொல்லாமல். கையில் ஒரு தோல் பெட்டி. திறந்தால் பளபளவென்று மூன்று குண்டுகள்.

"நீ எப்போது இதைக் கற்றுக்கொண்டாய்?" என்றேன்.

"ஒரு வருசமா, கிரெத்தேய் கிளப்புல. லீவு நாளெல்லாம் அதான்" என்றான். கையைப் பார்த்தேன், காய்ப்புக் காய்த்திருந்தது. "ஒரு ஆட்டம் போடலாமாப்பா? உங்க சத்தியம் இன்னும் இருக்குல்ல?"

"இருக்கிறது."

"அப்ப சரி. உங்களுக்கும் சேத்து டிக்கெட் எடுத்துட்டேன்."

அதற்கு முந்திய மழைக்காலத்தில் எனக்குக் குளியலறையில் ஒரு சின்ன வழுக்கல். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ராத்திரி அங்கேயே கிடந்தேன், காலையில் நான் கேட் திறக்கவில்லை என்று துரைக்கண்ணு வந்து கதவை உடைத்தான். இதை யாரோ ரெமிக்குச் சொல்லியிருக்கிறார்கள். தபால்காரன் புத்தி போகுமா?

மறுநாள் சாயங்காலம் ஆட்டம். சங்கமே திரண்டிருந்தது. செசில் அம்மா வழக்கம்போல அவனைத் தனியே கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். புதிதாக என்னோடு ஆட வருகிற எல்லோரிடமும் அவர் ஏதோ சொல்வார். ரெமி உரக்கவே பதில் சொன்னான். "தெரியும் மதாம். அதனாலதான் நானே வந்தேன்." என்ன தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே தெரியும்.

ஆடினான் பாருங்கள்! பெற்றவன் என்பதற்காகச் சொல்லவில்லை. என்னால் ஒரு குண்டைக்கூடக் கிட்டே கொண்டுபோக முடியவில்லை. நான்கு, ஏழு, ஒன்பது என்று போய்க்கொண்டே இருந்தது. இங்கே எல்லோருக்கும் முகம் செத்துவிட்டது. துரைக்கண்ணு அவனிடம் ஓடினான். "தம்பி, உன் கார் லைட்டு எரியுது."

"எங்கிட்ட கார் இல்ல மாமா."

"அப்ப ஒரு டீ?"

"ஆட்டம் முடியட்டும்."

கப்ரால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். செசில் அம்மா நாடி பார்த்துவிட்டு, "எழுந்திரிங்க கப்ரால், பையன் இந்தப் பக்கம் திரும்பவே இல்ல" என்றார்.

பன்னிரண்டுக்குப் பூஜ்யம். அதுதான் கடைசிச் சுற்று என்று நினைத்தோம். என் மூன்று குண்டும் போட்டாகிவிட்டது, ஒன்று சுமார். அவனுடையது பன்னிக்குட்டியை உரசிக்கொண்டு நிற்கிறது, இன்னொன்று தூரத்தில் கிடக்கிறது. கையில் ஒன்று பாக்கி. அதைப் போட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கையில் குண்டை வைத்துக்கொண்டு ஆட்டத்தை முடிப்பது மரியாதை அல்ல என்று இங்கே ஒரு விதி உண்டு. நான் வகுத்த விதிதான்.

நான் எதற்கும் தயாராக இருப்பவன். அரைஞாணில் இருந்து சாவியை அவிழ்த்துத் துரைக்கண்ணுவிடம் நீட்டினேன். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். கப்ராலிடம் நீட்டினேன், அவர் வேறு பக்கம் பார்த்தார். என்ன மனிதர்கள்! ஒருவருக்கும் பொறுப்பு கிடையாது. சாவி என் கையிலேயே இருந்தது.

ரெமி வட்டத்துக்குள் வந்து நின்றான். கையை ஓங்கினான்.

"நில்!" என்றேன்.

அவன் குண்டு விழக்கூடிய இடத்தில் ஒரு கல் கிடந்தது. சின்னக் கல்தான். ஆனால் அதில் பட்டுக் குண்டு திசை மாறினால், என் மகன் போட்டது கோணல் என்று நாளைக்கு ஊர் சொல்லும். போய்க் குனிந்து அதை எடுத்தேன். பக்கத்தில் இன்னொன்று இருந்தது, அதையும் எடுத்தேன். காலால் மண்ணைத் தடவிச் சமப்படுத்தினேன். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று, முழங்கால் அப்படி. "இப்போது போடு. தரை சுத்தமாக இருக்கிறது" என்றேன்.

அவன் போடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். என் கையில் இருந்த கல்லைப் பார்த்தான், சாவியைப் பார்த்தான். பிறகு சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். வேடிக்கை பார்க்கிற நேரமா அது?

"மணிக்கட்டை வளைக்காதே" என்றேன்.

"சரிப்பா" என்றான்.

டங். செசில் அம்மா அன்று அடித்த அதே அடி. பன்னிக்குட்டியை ஒட்டி நின்ற அவனுடைய சொந்தக் குண்டு துள்ளிப்போய்ச் சுவரில் மோதியது, அடித்த குண்டும் அதன் பின்னாலேயே உருண்டு போயிற்று. கிட்டத்தில் என் குண்டு மட்டும் மிச்சம். ஒரு புள்ளி!

"கை வழுக்கிடுச்சுப்பா" என்றான்.

"மணிக்கட்டு என்று சொன்னேனே, கேட்டாயா?" என்றேன்.

அடுத்த சுற்றில் அவன் ஜெயித்தான், அது கிடக்கட்டும். துரைக்கண்ணு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். சங்கத்தின் வரலாற்றில் முதல் முறை. செசில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவர் கண் உண்மையிலேயே சரியில்லைதான் போலிருக்கிறது.

ஆனால் ஒன்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கிளம்பும் முன் ரெமி இந்தக் கொட்டகைக்குள் வந்தான். இதோ, இந்தப் பலகைக்கு முன்னால் குனிந்து, பூசணிக்காய்க்கு முத்தம் கொடுத்தான்.

"நீ ஜெயித்தவன். விதிப்படி கூடாது" என்றேன்.

"இல்லப்பா, நான்தான் தோத்தேன்" என்றான்.

கிரெத்தேயில் புள்ளிக் கணக்கை எப்படிப் போடுகிறார்களோ! அப்புறம் குளியலறையில் ஒரு கைப்பிடி மாட்டிவிட்டு, துரைக்கண்ணுவிடம் என் வீட்டுச் சாவி ஒன்றைக் கொடுத்துவிட்டு, தனியாகப் போனான். அந்தச் சாவியை மட்டும் துரைக்கண்ணு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். இப்போதும் ஞாயிறுதோறும் போன் வருகிறது. ஆனால் லிஃப்டைப் பற்றிப் பேசுவதில்லை. "இன்னைக்கு எத்தன புள்ளிப்பா?" என்றுதான் கேட்கிறான். ஒன்று என்பேன். "அது போதும்பா" என்பான்.

தரை காய்ந்துவிட்டது. வாருங்கள், நீங்கள் விருந்தாளி, பன்னிக்குட்டியை நீங்களே எறியுங்கள். ஆமாம், நீங்கள் உள்ளே வரும்போது செசில் அம்மா உங்கள் காதிலும் ஏதோ சொன்னாரே, என்ன அது? சிரிக்கிறீர்கள். சரி, வேண்டாம், பெண்கள் பேச்சு நமக்கு எதற்கு.

ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். வயதானவன் என்று பார்த்து என்னிடம் தயவு தாட்சண்யம் காட்டாதீர்கள், எனக்குப் பிடிக்காது. இந்தச் சங்கத்தில் இதுவரை யாரும் காட்டியதில்லை.